செகண்ட் வாய்ஸும் சின்ன ஸ்பீக்கரும்

“கீதுக்கா. உன் கொரலு அந்தப் பாட்டுல கீது. ஆனா நசுங்கிக் கீது.”

“நசுங்கிக் கீதா? கொரலு இன்னா தகர டப்பாவாடா, நசுங்கறதுக்கு?”

“நீ ஆப்புல கேக்குறது சாதா பிளான். அதுல பாட்ட அமுக்கி அமுக்கிச் சின்னதாக்கித்தான் அனுப்புவான். அமுக்கும்போது பின்னாடி நிக்கிறவங்கதான் மொதல்ல நசுங்குவாங்க. நீ ஹை-ரெஸ் பிளான் போடு. ஊட்ல ரெண்டு நல்ல ஸ்பீக்கர் வை. அப்பால பாரு, ஒவ்வொருத்தரும் தனித்தனியா வந்து நிப்பாங்க.”

“நானும் நிப்பனா?”

“நிப்பக்கா.”

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். சாயங்கால வண்டியில் கும்மிடிப்பூண்டியில் ஏறி எளாவூரில் இறங்குகிறவளுக்கு ஒரு ஸ்டேஷன் தூரத்துக்குத்தான் கதை கிடைக்கும். அதுவும் அன்றைக்கு சிக்னலுக்காக வண்டி கொஞ்சம் நின்றது. இல்லாவிட்டால் ‘நசுங்கிக் கீது’ என்பதோடு போயிருக்கும்.

என் மடியில் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் விரிந்திருந்தது. அதில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு விதவை குதிரைவண்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். எதிர் இருக்கையில் “நானும் நிப்பனா?” என்று ஒரு பெண் கேட்டாள் பாருங்கள், அந்த விதவையை அப்படியே பனியில் விட்டுவிட்டு நிமிர்ந்தேன். குதிரைவண்டி இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும்.

அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. அதனால் வைக்கிறேன். அவள் மெர்சி. ஆரம்பாக்கத்துக்காரி. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவு. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவில் செகண்ட் வாய்ஸ். அதாவது, எல்லோருக்கும் தெரிந்த மெட்டை முன்வரிசைப் பெண்கள் உயரத்தில் பாடும்போது, அதற்கு அடியில் வேறொரு மெட்டைத் தாழ்வாகப் பாடி அதைத் தாங்கிப்பிடிக்கிற குரல். அவளோடு பேசியவன் அன்புராஜ். அதே கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. காதில் எந்நேரமும் இயர்போன்.

இனிமேல் மெர்சியின் பின்னாலேயே போகப்போகிறேன். முடிந்தவரை வாயை மூடிக்கொண்டு. (முடியாது. எனக்கே தெரியும்.)

2

சில தொடக்கங்கள், எழுதிக் கைவிட்டவை:

‘அன்று காலை மெர்சி கண் விழித்தபோது ஜன்னல் கண்ணாடியில் உறைபனி’ — வேண்டாம். ஆரம்பாக்கத்தில் உறைபனி விழுந்தால் அது கதை இல்லை, தலைப்புச் செய்தி.

‘இசை என்பது’ — ‘இசை என்பது’ என்று தொடங்குகிற எதையும் நானே படிக்க மாட்டேன்.

‘மாதவரத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவில்’ — ஆம், இது ஓடும்.

மாதவரத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் போன வருடம் அந்தப் பாடகர் குழு ஒரு கிறிஸ்துமஸ் பாட்டைப் பதிவு செய்தது. மெட்டு அவர்களுடையது, வரிகள் அவர்களுடையது. மைக் முன்னால் நெருக்கி நின்றார்கள். ஒலிப்பதிவு செய்கிற தம்பி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, “செகண்ட் வாய்ஸ் ரெண்டு பேரும் கொஞ்சம் பின்னாடி போங்கக்கா” என்றான். போனார்கள். “இன்னும் கொஞ்சம்.” போனார்கள். கதவுப் பிடி மெர்சியின் முதுகில் குத்தியது. கதவில் சாய்ந்தபடியே முழுப் பாட்டையும் பாடிமுடித்தாள். அவளுக்குத் தெரிந்து வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக அவள் பாடியதேயில்லை.

பாட்டு ஆப்பில் வந்தது. மெர்சி கம்பெனியில் ஒவ்வொருத்தி காதிலும் போனை வைத்து, “இங்க பாரு, இங்க, இப்ப வர்றது நானு” என்றாள். ஒவ்வொருத்தியும் கேட்டுவிட்டு, “சோக்காக் கீதுடி. ஆனா நீ எங்க?” என்றாள். எல்லோரும் இதையே கேட்டார்கள். கேண்டீனில் நாஷ்டா பரிமாறுகிற அக்கா மட்டும், “நல்லா கேக்குது மெர்சி” என்றாள். அவளுக்கு இடது காது மந்தம். போனை வைத்தது இடது காதில்.

பிறகு ஒருநாள் மெர்சி வீட்டில் தனியாக உட்கார்ந்து தன்னைத் தேடினாள். கிடைக்கவில்லை.

அப்போது அவள் ஒரு முடிவு எடுத்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் எடுக்கவைத்ததே நான்தான்: அந்தப் பாட்டில் தன் குரல் இல்லையென்றால், வருகிற கிறிஸ்துமஸுக்குக் குழுவில் நிற்கப்போவதில்லை. இல்லாத குரலுக்கு எதற்கு வெள்ளைப் புடவை?

3

ஸ்பீக்கர்கள் வந்தன. இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு செங்கல்லை நிமிர்த்தி வைத்ததைவிடச் சற்றுப் பெரிசு. மெர்சியின் கணவன் அந்தோணி, குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், அவற்றைப் பெட்டியிலிருந்து பச்சைப் பிள்ளையை எடுப்பதுபோல எடுத்து டிவிக்கு இரண்டு பக்கமும் வைத்தான்.

“இன்னா மெர்சி, இத்துனூண்டு கீது? இதுக்குள்ள உங்க பாடகர் குழு மொத்தமும் புகுமா?”

“நீ ஆளப் பாத்துத் திறமைய எட போடுற ஆளு. ஒதுங்கு.”

ஆனால் ஸ்விட்ச் போட முடியவில்லை. அந்தோணியின் அம்மா முத்தம்மா எண்ணெய்ப் புட்டியோடு வந்துவிட்டாள்.*

* அந்த வீட்டில் புதிதாக எது நுழைந்தாலும் முத்தம்மா ஜெப எண்ணெய் தொட்டுச் சிலுவை வரைந்து ஜெபம் பண்ணிய பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். பைக்குக்குப் பெட்ரோல் டேங்கில். ஃப்ரிட்ஜுக்குக் கதவில். மிக்ஸிக்கு மூடியில். மெர்சியின் போனுக்குப் பின்பக்கம். அதன் பிறகு எடுத்த போட்டோக்கள் எல்லாமே கொஞ்ச நாள் தேவலோகம்போல மங்கலாக இருந்தன.

முத்தம்மா இடது பக்க ஸ்பீக்கரின் முன்னால் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தாள். கீழே பெரிய கறுப்பு வட்டம். வாய். மேலே சின்னதாக, வழவழவென்று, சற்றே மேடாக ஒரு குமிழ்.

“இதான் நெத்தி,” என்றாள்.

கட்டைவிரலை எண்ணெயில் முக்கி, விசுவாசத்தோடு, அதாவது நன்றாக அழுத்தி, அந்தக் குமிழின் மேல் சிலுவை போட்டாள். மெலிதாக ஒரு ‘டப்’ எழுந்தது. அது யார் காதிலும் விழவில்லை. ஹை-ரெஸ் ஸ்பீக்கரின் முதல் சத்தமே யாருக்கும் கேட்காமல் போனதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“அந்தாண்ட கீறதுக்கும் வெச்சிரட்டுமா?”

“வோணாம் அத்த. ரெண்டும் ஒரே செட்டுதான். ஒண்ணுக்கு வெச்சா ரெண்டுக்கும் போயிரும்.”

4

(இங்கே ஒரு நீண்ட கட்டுரை இருந்தது. சுருக்கித் தருகிறேன்.)

கதை எழுதுகிறேன் என்று சொல்லி நான் இரண்டு வாரம் ஹை-ரெஸ் பற்றிப் படித்தேன். உங்களிடம் மறைக்க மாட்டேன்: அன்புராஜ் சொன்னது தப்பு. சாதா பிளானில் பாட்டை அமுக்குவது உண்மைதான். ஆனால் அமுக்குவதில் பின்வரிசைக்காரர்கள் முதலில் நசுங்குவதில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த தம்பி மெர்சியின் குரலை எந்த அளவில் வைத்தானோ, அதே அளவில்தான் சாதாவிலும் இருக்கும், ஹை-ரெஸ்ஸிலும் இருக்கும். ரொம்பவும் நசுக்கிய பாட்டுக்கும் நசுக்காத பாட்டுக்கும் வித்தியாசம் தெரியலாம். அதற்கு மேல், நசுக்காத பாட்டுக்கும் அதைவிட நுணுக்கமாகப் பதிந்த ஹை-ரெஸ்ஸுக்கும் நடுவே இருப்பதைச் செங்கல் அளவு ஸ்பீக்கரில், மேலே ஃபேன் சுற்ற, அடுப்பில் குக்கர் விசில் அடிக்க, சூளூர்ப்பேட்டை வண்டி தடதடக்கக் கண்டுபிடிக்கிறவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை. இருந்தால் அவரை ரயில்வேயில் எடுத்துக்கொள்ளலாம்.

இதை மெர்சியிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். ஒரு வரி போதும்: ‘மெர்சிக்கு உண்மை தெரியவந்தது.’ கதை முடிந்துவிடும். எழுதினேன். அவள் முகத்தை நினைத்துப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.

அன்புராஜையும் கதையிலிருந்து தூக்கிவிடலாமா என்று ஒரு நாள் தோன்றியது. எதற்கெடுத்தாலும் விளக்கம் சொல்ல ஒரு ஆள் கதைக்குள் வந்து உட்கார்ந்துகொள்வது எழுதுகிறவளுடைய சோம்பல். ஆனால் அவன் அதற்குள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆராதனை முடிந்து சாப்பாடும் முடிந்த நேரத்தில், ஒயரும் கையுமாக மெர்சி வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டான். வந்தவனை எப்படி விரட்டுவது? உட்கார் என்றேன்.

5

“அண்ணே, ஃபேன நிறுத்து,” என்றான் அன்புராஜ்.

மே மாதம். முத்தம்மா நிமிர்ந்தாள். “ஃபேன நிறுத்திப் பாட்டு கேக்குற ஊட்ட இப்பதான்டா பாக்குறேன்.”

“ஃபேன் சத்தத்துல நுணுக்கம் போயிரும்மா.”

“நுணுக்கம் இருந்துட்டு உசிரு போனா பரவால்லியா?”

ஃபேன் நின்றது. எல்லோரும் வேர்க்கத் தொடங்கினார்கள். அன்புராஜ் பையிலிருந்து பச்சை அட்டையும் சிவப்பு அட்டையும் எடுத்தான். கம்பெனியில் தேறிய பொருளுக்குப் பச்சை, தள்ளியதற்குச் சிவப்பு. அவனுக்கு உலகமே அப்படித்தான். சாதாவும் ஹை-ரெஸ்ஸும் மாற்றி மாற்றிப் போடுவான். எது என்று சொல்ல மாட்டான். ஹை-ரெஸ் என்று தோன்றினால் பச்சையைத் தூக்க வேண்டும், சாதா என்றால் சிவப்பை. போனை ஒரு துண்டு போட்டு மறைத்துக்கொண்டான்.

“இன்னாடா இது, பாட்டு கேக்கறமா பரீட்ச எழுதறமா?” என்றான் அந்தோணி.

“சும்மா கேட்டா மனசு ஏமாத்தும்ணே. எங்க டிபார்ட்மெண்ட்ல மனச நம்புறதில்ல.”

பாட்டு ஓடியது. முத்தம்மா ஒவ்வொரு முறையும் பச்சையைத் தூக்கினாள். ஏன் என்று கேட்டதற்கு, “ஏசப்பா பாட்டுக்குச் சிவப்பு காட்டுவாங்களாடா?” என்றாள்.

ஆச்சரியம் அந்தோணிதான். பாட்டென்றால் கல்யாண வீட்டு ஸ்பீக்கர் அளவுக்கு மட்டுமே தெரிந்த அந்தோணி, ஒன்றுவிடாமல் சரியாகச் சொன்னான். பச்சை, சிவப்பு, பச்சை, பச்சை. அன்புராஜுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

“அண்ணே! உனுக்கு வௌவால் காதுண்ணே! ஃபோர்க்லிஃப்ட்ல இன்னாத்துக்கு உக்காந்துனு கீற?”

எனக்கும் குழப்பம். நான் எழுதாத திறமை இது. எழுதியதைத் திரும்பிப் படித்தேன். அப்போதுதான் கவனித்தேன்: அந்தோணி ஸ்பீக்கரைப் பார்க்கவே இல்லை. மெர்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்புராஜும் அதே நேரம் கவனித்தான். பிறகு மெர்சியைப் பார்த்தான். அவள் எதைப் பார்க்கிறாள் என்று பார்த்தான். அவன் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி ஷோகேஸ். கண்ணாடியில் துண்டின் பின்பக்கம். பின்பக்கத்தில் போன் திரை, அதில் பளிச்சென்று ஹை-ரெஸ் முத்திரை.

“யக்கா!”

“நான் இன்னாடா பண்ணுவேன், கண்ணுல பட்டுச்சு,” என்றாள் மெர்சி. முத்திரை தெரிந்தபோதெல்லாம் அவள் முகம் மலர்ந்திருக்கிறது. முகம் மலர்ந்தபோதெல்லாம் அந்தோணி பச்சையைத் தூக்கியிருக்கிறான்.

“ரெண்டு பேரும் செவுத்துப் பக்கம் திரும்புங்க. ரெண்டு பேரும்!”

புருஷனும் பெண்டாட்டியும் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர்கள்போல நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். மறுபடி பாட்டு. இந்த முறை அந்தோணி சொன்னதற்குக் காசைச் சுண்டிப் போட்டிருக்கலாம். மெர்சி சொன்னதற்கும் அப்படியே.

“அக்கா,” என்றான் அன்புராஜ். குரல் இறங்கிவிட்டது. அவன் நேர்மையானவன், தன் பரிசோதனை தன்னையே தள்ளினால் சிவப்பு அட்டையை ஒளித்துவைக்க மாட்டான். “நான் சொன்னது தப்பு போல. ரெண்டுக்கும் வித்தியாசம் ஒண்ணும் தெரியல. உன்ன வீணா...”

“இரு,” என்றாள் மெர்சி.

சுவரைப் பார்த்தபடியே கையை உயர்த்தினாள்.

“திரும்பப் போடு. எதுவா இருந்தாலும் பரவால்ல, போடு.”

6

முன்வரிசைப் பெண்கள் பாடினார்கள். ஆனால் எப்போதும்போலக் காதைக் கிழிக்காமல், யாரோ அவர்கள் மேல் கம்பளியைப் போர்த்தியதுபோல. அந்தக் கம்பளிக்குப் பக்கத்தில், வலது ஸ்பீக்கரிலிருந்து, தாழ்வாக, மெட்டு ஏறும்போது ஏறாமல், ஒரே இடத்தில் பிடிவாதமாக நின்று, கடைசி வரியில் மட்டும் ஒரு படி இறங்குகிற ஒரு குரல்.

மெர்சிக்கு வேர்வையோடு வேர்வையாகக் கண்ணில் இருந்து வழிந்தது. துடைக்கவில்லை. அடுத்து, சொல்லிவிட்டே, சாதாவைப் போட்டான். அதிலும் அந்தக் குரல். ஹை-ரெஸ் போட்டான். அதிலும்.

“கீதுடா! ரெண்டுலயும் கீதுடா!”

“எப்படிக்கா? போன்ல இல்லியே!” என்று எழுந்து ஸ்பீக்கர்களிடம் போனான் அன்புராஜ். வலதைப் பார்த்தான். இடதைப் பார்த்தான். இடதின் மேல் குமிழில் எண்ணெய் பளபளத்தது. குமிழ், மேடாக இருப்பதற்குப் பதிலாக, கன்னக்குழிபோல உள்வாங்கியிருந்தது.

“இத யாரு அமுக்குனது?”

“நெத்தில எண்ணெ வெச்சேன்,” என்றாள் முத்தம்மா.

“அது நெத்தி இல்லம்மா. கூர்மையான சத்தமெல்லாம் அது வழியாத்தான் வரணும். அமுங்கிப்போச்சு, அதான் இந்தப் பக்கம் மந்தமாக் கீது.” கொஞ்சம் யோசித்தான். முகத்தில் பல்பு எரிந்தது. “அக்கா! பாட்டக் கலக்கும்போது அந்த ஸ்டூடியோக்காரன் முன்வரிசைய எடப்பக்கம் வெச்சுக்கிறான். உங்கள வலப்பக்கம். எடப்பக்கம் அமுங்குனதால வலப்பக்கம் கேக்குது!”

“பாத்தியா,” என்றாள் முத்தம்மா, எழுந்து ஃபேன் ஸ்விட்சைப் போட்டபடி. “அபிஷேக எண்ணெ. சும்மாவா?”

அன்புராஜ் பையில் துழாவி ஒரு டேப்பை எடுத்தான். “ஒண்ணும் பேஜார் இல்ல. டேப்ப ஒட்டி மெதுவா இழுத்தா குமிழ் வெளிய வந்துரும். ஒரு நிமிஷ வேல.”

“தொட்ட, கைய ஒடைப்பேன்.”

அந்த வீட்டில் மெர்சி அப்படி ஒரு குரலில் பேசி யாரும் கேட்டதில்லை. நானும்தான். அதை நான் எழுதவில்லை, அவளே பேசிவிட்டாள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்கிற பொய் அது. ஆனால் எனக்கு வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

“ஸ்பீக்கர் டேமேஜ்க்கா,” என்றான் அவன், பாவமாக. “இது தள்ள வேண்டிய பீஸு.”

“இருந்துட்டுப் போட்டும்.”

அவன் டேப்பைப் பைக்குள் போட்டான். ஆனால் அவன் குவாலிட்டிக்காரன். போட்ட பிறகும் நின்றான். தலையைச் சொறிந்தான்.

“அக்கா, தப்பா நெனைக்காத. செகண்ட் வாய்ஸ்ல நீ ஒருத்தியா?”

ஃபேன் சுற்றியது.

“நானும் சுகிர்தாவும்,” என்றாள் மெர்சி.

“ரெண்டு பேரும் ஒரே மெட்டு?”

“ஒரே மெட்டு.”

“இதுல ஒரு கொரலுதானே கேக்குது?”

7

முடிவுகள், கைவசம் இருப்பவை:

(அ) சுகிர்தா வருகிறாள். இருவரும் சேர்ந்து கேட்கிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் ‘இது நான்’ என்று — கூடாது. இரண்டு பெண்களைச் சண்டைக்கு விட்டு வேடிக்கை பார்க்கிற முடிவு. எனக்குப் பிடிக்கவில்லை.

(ஆ) யாருக்கும் தெரியாமல் அன்புராஜ் டேப்பை ஒட்டி இழுத்துவிடுகிறான். குமிழ் வெளியே வருகிறது. முன்வரிசைப் பெண்கள் கத்திக்கொண்டு திரும்புகிறார்கள். மெர்சி — இல்லை, இதை எழுத என் கை வரவில்லை.

(இ) மொழிபெயர்ப்பு நாவல் முடிவு: மெர்சி எதுவும் சொல்லாமல் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு (எந்தக் கோட்டு?), பழவேற்காடு ஏரிக்கரை வரை நடந்துபோய், தண்ணீரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மேகங்கள். முற்றும். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மே மாத வெயிலில் அவ்வளவு தூரம் நடந்தால் அவள் மயங்கி விழுவாள்.

(ஈ) நீங்கள் வைத்திருப்பது. உங்களிடம் ஒன்று இருக்கிறது, எனக்குத் தெரியும். இவ்வளவு தூரம் வந்தவர் வெறுங்கையோடு வந்திருக்க மாட்டீர்கள்.

என்னிடம் இருப்பது முடிவில்லை. அன்புராஜ் கேட்டதற்குப் பிறகு அந்த அறையில் நடந்த ஒரே ஒரு விஷயம். அதைச் சொல்லிவிட்டு நான் போகிறேன்.

மெர்சி இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அந்தோணியும் அப்படியே. திரும்பலாம் என்று யாரும் சொல்லாததால் அவனும் திரும்பவில்லை. பாட்டு மறுபடி தொடக்கத்துக்குப் போய் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கண்ணை மூடி, புருவத்தைச் சுருக்கி, கழுத்து நரம்பு புடைக்கக் கேட்டான். அவ்வளவு பாடுபட்டு அவன் எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை.

“தெரியல மெர்சி,” என்றான். “சத்தியமா தெரியல. உன் மூஞ்சியப் பாக்காம எனுக்கு ஒண்ணும் தெரியல.”

“பரவால்ல வுடு.”

“வுடு இல்ல. நீ ஊட்ல பாத்திரம் தேய்க்கும்போது பாடுறது, துணி காயவைக்கும்போது பாடுறது, எல்லாம் முன்னாடி நிக்கிறவங்க மெட்டுதானே?”

உண்மைதான். செகண்ட் வாய்ஸைத் தனியாகப் பாடினால் யாருக்கும் பாட்டாகவே தெரியாது. ஏறாது, கடைசி வரி வரும்வரை இறங்காது; வழி தவறியவன் ஒரே தெருவில் நின்றுகொண்டிருப்பதுபோல இருக்கும். அதனாலேயே அவள் அதை மற்றவர்கள் சேர்ந்து பாடும்போது தவிர எங்கேயும், யார் முன்னாலும் பாடியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு தடவைகூட.

அன்புராஜ் பாட்டை நிறுத்தினான். முத்தம்மா, யாரும் கேட்காமலேயே, ஃபேனை நிறுத்தினாள்.

“உன் மெட்டு இன்னான்னே எனுக்குத் தெரியாதே,” என்றான் அந்தோணி, சுவரைப் பார்த்தபடி. “தெரியாததப் போய் அதுக்குள்ள எப்படித் தேடறது? சிரிக்க மாட்டேன். திரும்பக்கூட மாட்டேன். உன்னுத மட்டும் ஒரு தபா பாடிக் காட்டு மெர்சி.”